தலைகீழாகப் பார்த்தவர்

குற்றவாளிக் கூண்டில் ஓர் இளைஞன் நிற்கிறான். உடல் மெலிந்திருக்கிறது. இருமல் அவனை நிமிர்ந்து நிற்க விடவில்லை. அவன் மீது சுமத்தப்பட்ட குற்றம் இதுதான்: அவனுக்குக் காசநோய் இருக்கிறது. “நான் நோயாளிகளான பெற்றோருக்குப் பிறந்தவன்” என்று அவன் தரப்பில் சொல்லிப் பார்க்கிறார்கள். நீதிபதி அதை ஏற்கவில்லை. போன ஆண்டுதான் மூச்சுக்குழல் நோய்க்காகத் தண்டிக்கப்பட்டும் திருந்தவில்லையே என்று கடிந்துகொள்கிறார். கடுங்காவலுடன் ஆயுள் சிறை விதிக்கிறார். கருணையின் அடையாளமாக, அவனுக்கு நாள்தோறும் இரண்டு கரண்டி விளக்கெண்ணெய் கொடுக்க ஆணையிடுகிறார்.

அதே ஊரில் ஒரு செல்வந்தர் இருக்கிறார். தம்மை நம்பிய ஒரு கைம்பெண்ணின் சொத்து முழுவதையும் ஏமாற்றிப் பறித்தவர் அவர். அவரை யாரும் சிறையில் அடைக்கவில்லை. “பாவம், அவருக்கு உடம்பு சரியில்லை” என்பது போல் நண்பர்கள் வீடு தேடி வந்து நலம் விசாரிக்கிறார்கள். அவரது மோசடிக் குணத்தைக் குணப்படுத்த ஒரு மருத்துவர் வருகிறார். ஆறு மாதத்திற்கு ரொட்டியும் பாலும் மட்டுமே உணவு. ஓராண்டுக்கு மாதம் ஒரு முறை சவுக்கடி. இதுதான் மருந்துச் சீட்டு. செல்வந்தரும் முனகிக்கொண்டே மருந்தை ஏற்றுக்கொள்கிறார்.

இப்படியொரு நாடு உலக வரைபடத்தில் இல்லை. 1872ஆம் ஆண்டு லண்டனில் வெளிவந்த ‘எரெவான்’ என்னும் நாவலில் மட்டுமே இருக்கிறது. ‘எங்கும் இல்லை’ என்று பொருள்படும் ‘நோவேர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கடைசியிலிருந்து எழுதி, இரண்டை மட்டும் இடம் மாற்றினால் அந்தப் பெயர் கிடைக்கும். அந்தச் செல்வந்தரின் பெயர் நாஸ்னிபார். ‘ராபின்சன்’ என்ற பெயரைப் பின்னாலிருந்து படித்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

பெயர்களை மட்டுமல்ல, ஊரார் உண்மை என்று ஒப்புக்கொண்ட எதையும் ஒரு முறை தலைகீழாக்கிப் பார்ப்பது இந்நாவலை எழுதியவரின் வழக்கம். விக்டோரியா மகாராணியார் ஆட்சிக்காலத்து இங்கிலாந்தில் வாழ்ந்த அந்த எழுத்தாளரின் பெயர் சாமுவேல் பட்லர்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

பட்லர் 1835ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், நாட்டிங்ஹாம்ஷியர் வட்டாரத்தில் உள்ள லாங்கர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் பட்லர் அவ்வூர்த் தேவாலயத்தின் மதகுரு. பாட்டனாரின் பெயரும் சாமுவேல் பட்லர்தான். அவர் புகழ்பெற்ற ஷ்ரூஸ்பரி பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து பின்னர் பேராயரானவர். எனவே பேரன் என்ன ஆக வேண்டும் என்பதை அவன் பிறக்கும் முன்பே குடும்பம் முடிவு செய்திருந்தது எனலாம்.

அக்காலத்து மேல்தட்டு வீடுகளில் கண்டிப்பே அன்பு என்று கருதப்பட்டது. பிள்ளைக்கு இலத்தீன் பாடம் வரவில்லையா? அடி. வழிபாட்டில் கவனம் சிதறியதா? அதற்கும் அடி. பட்லர் பிற்காலத்தில் எழுதிய ஒரு நாவலில் மறக்க முடியாத காட்சி ஒன்று வருகிறது. ஞாயிறு மாலை. ஒரு சின்னஞ்சிறுவன் பக்திப் பாடல் பாடுகிறான். ஒரு சொல்லின் முதல் எழுத்து அவன் வாயில் சரியாக வரவில்லை, மழலையாக வருகிறது. வேண்டுமென்றே செய்கிறான் என்று எண்ணிய தந்தை அவனை வேறோர் அறைக்கு அழைத்துச் சென்று அடிக்கிறார். திரும்பி வந்தவுடன், சிவந்துபோன கையாலேயே மணியை அடித்து, வேலையாட்களைக் குடும்ப வழிபாட்டுக்கு அழைக்கிறார். தந்தையைக் கொடியவர் என்று கதாசிரியர் ஓரிடத்திலும் வசைபாடவில்லை. அந்தக் கையின் நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

பட்லர் படிப்பில் சோடை போகவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புனித ஜான் கல்லூரியில் பண்டைய கிரேக்கமும் இலத்தீனும் பயின்று 1858இல் முதல் வகுப்பில் தேறினார். அதன்பின், மதகுரு ஆவதற்கு முன்னோடியாக, லண்டனில் ஏழைச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அங்கேதான் முதல் ஐயம் முளைத்தது. குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்ற சிறுவர்களின் நடத்தை, பெறாதவர்களின் நடத்தையைவிட மேலாக இருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். தம் வகுப்பில் கவனித்துப் பார்த்தார். யார் பெற்றவர், யார் பெறாதவர் என்று நடத்தையை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

வேறொருவராக இருந்திருந்தால் இதைப் பெரிதுபடுத்தாமல் விட்டிருப்பார். பட்லரால் முடியவில்லை. மனம் ஒப்பாத வேலையைச் செய்யமாட்டேன், ஓவியனாகப் போகிறேன் என்று தந்தைக்கு எழுதினார். தந்தை மறுத்தார். கடிதங்களிலேயே சண்டை நடந்தது. கடைசியில் இருவரும் ஒரு தீர்வுக்கு வந்தனர். தந்தை முதல் கொடுப்பார். மகன் உலகின் மறுகோடியில் இருக்கும் நியூசிலாந்துக்குச் சென்று ஆட்டுப் பண்ணை வைத்துப் பிழைத்துக்கொள்ள வேண்டும்.

1859ஆம் ஆண்டு செப்டம்பரில் பட்லர் கப்பல் ஏறினார். முதலில் அவர் இடம் பதிவு செய்திருந்தது வேறொரு கப்பலில். கடைசி நேரத்தில் மாற்றிக்கொண்டார். அந்த முதல் கப்பல் கரை சேரவே இல்லை. அதில் சென்றவர்கள் அனைவரும் கடலோடு போயினர். புறப்பட்ட அன்றிரவு, சிறுவயது முதல் ஒரு நாளும் தவறாமல் செய்துவந்த இரவு வழிபாட்டைச் செய்யாமலேயே பட்லர் உறங்கினார். சண்டை, சச்சரவு எதுவும் இல்லாமல், யாருக்கும் தெரியாமல் நடந்த விடுதலை அது.

மலையடிவாரத்தில் ஒரு பியானோ

1860 ஜனவரியில் நியூசிலாந்தின் கேன்டர்பரி வட்டாரத்தில் வந்திறங்கிய பட்லர், குதிரையில் ஏறி ஆறுகளின் ஊற்றுக்கண்களைத் தேடிச் சென்றார். நல்ல நிலங்களை எல்லாம் முன்னரே வந்தவர்கள் எடுத்துக்கொண்டிருந்தனர். ரங்கிடாட்டா ஆற்றின் மேற்பகுதியில், பனிமலைகளின் காலடியில், யாரும் சொந்தம் கொண்டாடாத மேய்ச்சல் நிலம் கிடைத்தது. இரண்டு ஓடைகளுக்கு நடுவே இருந்ததால் அதற்கு ‘மெசபடோமியா’ என்று பெயரிட்டார். இரு நதிகளுக்கு இடைப்பட்ட பழங்கால நாட்டின் பெயர் அது. அந்தப் பண்ணை இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

அங்கே மண்சுவர்க் குடில் ஒன்றைக் கட்டிக்கொண்டார். ஆடு மேய்த்தார், வேலி போட்டார், வெள்ளம் பெருகிய ஆறுகளைக் குதிரையில் கடந்தார். அந்தக் குடிலுக்குள் ஒரு பியானோ இருந்தது! பாதையே இல்லாத நிலத்தில் மாட்டு வண்டியில் ஏற்றி, ஆற்றைக் கடத்திக் கொண்டுவந்தது. பகலெல்லாம் ஆட்டு ரோமம் கத்தரித்துவிட்டு, மாலையில் அவர் தமக்கு மிகவும் பிடித்த ஹேண்டல் என்னும் இசைமேதையின் பாடல்களை வாசிப்பார். கேட்பதற்கு ஆடுகளும் மேய்ப்பர்களும்தான் இருந்திருப்பார்கள்.

அங்கிருந்தபோது டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற நூல் அவர் கைக்கு வந்தது. அதைப் படித்து வியந்து, கிறைஸ்ட்சர்ச் நகரின் ‘தி பிரஸ்’ நாளேட்டில் உரையாடல் வடிவில் ஒரு கட்டுரை எழுதினார். எழுதியவர் யார் என்று தெரியாமலேயே டார்வின் அதைப் படித்துப் பாராட்டினார். அதைவிட முக்கியமானது, 1863 ஜூன் 13ஆம் நாள் அதே நாளேட்டில் புனைபெயரில் பட்லர் எழுதிய இன்னொரு கட்டுரை. அதன் கேள்வி விசித்திரமானது. உயிரினங்கள் படிப்படியாக வளர்ச்சி பெறுகின்றன என்றால், இயந்திரங்களும் அப்படித்தானே வளர்கின்றன? பெரிய சுவர்க்கடிகாரம் சுருங்கிச் சட்டைப்பையில் வைக்கும் கடிகாரம் ஆகவில்லையா? நாள்தோறும் அவற்றுக்கு எண்ணெய் இட்டு, கரி ஊட்டி, பழுது பார்த்துப் பணிவிடை செய்வது யார்? மனிதன்தான். அப்படியானால் எசமான் யார், ஏவலாள் யார்?

இது நடந்தது நீராவி இயந்திரக் காலத்தில். மின்விளக்கு வீடுகளுக்கு வரவில்லை, தொலைபேசி பிறக்கவில்லை. ஓர் ஆட்டுப் பண்ணைக்காரர், உலகின் ஓர் ஓரத்தில் அமர்ந்து, இயந்திரம் ஒருநாள் மனிதனை முந்திவிடுமோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பாதி கேலியாகவும் பாதி மெய்யாகவும் எழுதினார். எந்தப் பாதி எது என்று அவர் சொல்லவில்லை.

1864இல் பண்ணையை விற்றார். கொண்டுபோன முதல் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. லண்டனுக்குத் திரும்பி, கிளிஃபர்ட்ஸ் இன் என்ற பழைய கட்டடத்தில் சில அறைகளை வாடகைக்கு எடுத்தார். சாகும்வரை, ஏறக்குறைய 38 ஆண்டுகள், அவர் வீடு அதுவே. திருமணம் செய்துகொள்ளவில்லை.

பெயர் இல்லாத நூலும் பெயர் தெரிந்த பின்பும்

லண்டனில் அவர் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். அவர் வரைந்த ஓவியங்களுள் ஒன்று இன்றும் பேசப்படுகிறது. ஹெதர்லி என்ற அவருடைய ஓவிய ஆசிரியர் விடுமுறை எடுப்பதே இல்லை. மாணவர்கள் விளையாட்டாக உடைத்துவைத்த எலும்புக்கூட்டைத் தைத்துச் சரிசெய்வதுதான் அவருக்கு விடுமுறை! அந்தக் காட்சியையே பட்லர் ‘திரு. ஹெதர்லியின் விடுமுறை’ என்ற ஓவியமாகத் தீட்டினார். 1874இல் அரச கலைக்கழகத்தின் கண்காட்சியில் அது இடம்பெற்றது. ஆயினும் தாம் பெரிய ஓவியராகப் போவதில்லை என்பது அவருக்கே மெல்ல மெல்லப் புரிந்தது.

ஓவியத்திற்கு நடுவே, நியூசிலாந்தில் எழுதியவற்றைத் தூசிதட்டி எடுத்து நாவலாக விரித்தார். அதுதான் ‘எரெவான்’. ஆடு மேய்க்கும் இளைஞன் ஒருவன் பனிமலையைக் கடந்து, அறியாத நாட்டுக்குள் நுழைகிறான். அவனிடம் இருந்த கைக்கடக்கமான கடிகாரத்தைக் கண்டதும் அந்நாட்டு அதிகாரி முகம் சுளிக்கிறார். காரணம், இயந்திரங்கள் மனிதனை அடிமைப்படுத்திவிடும் என்று அஞ்சி, 271 ஆண்டுகளில் கண்டுபிடிக்கப்பட்ட எல்லா இயந்திரங்களையும் அந்நாட்டு மக்கள் அழித்துவிட்டிருந்தனர். உடைந்த துண்டுகளை மட்டும் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தனர். அந்நாட்டில் ‘பகுத்தறிவின்மைக் கல்லூரி’ என்று ஒன்று உண்டு. அங்கே விடைகள் போதிய அளவு குழப்பமாக இல்லை என்பதற்காக மாணவர்கள் தேர்வில் தோற்கடிக்கப்படுவார்கள். (இதைப் படிக்கும் மாணவர்கள் யாரும் அங்கே சேர விரும்பினால் வழி தெரியாது!)

சிரித்து முடித்தபின் அந்த நீதிமன்றக் காட்சியை மீண்டும் எண்ணிப் பார்த்தால்தான் பட்லரின் நோக்கம் விளங்கும். காசநோயாளியிடம் நீதிபதி சொல்லும் சொற்கள், உண்மையில் அன்றைய இங்கிலாந்து நீதிபதிகள் திருடர்களிடமும் ஏழைகளிடமும் சொன்ன சொற்களே. நோயாளிகளுக்குப் பிறந்தது குற்றமா என்று கேட்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. பசியும் கல்லாமையும் நிறைந்த சந்தில் பிறந்து திருடனானவனைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டால் ஏன் சிரிப்பு வருவதில்லை? பட்லர் இதற்கு விடை தரவில்லை. திருடனைத் தண்டிக்கவே கூடாது என்றும் அவர் சொல்லவில்லை. நாஸ்னிபாருக்கும் சவுக்கடி உண்டல்லவா? குற்றத்தையும் நோயையும் இடம் மாற்றி வைத்துவிட்டு, படிப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நூலை அச்சிடும் செலவை அவரே ஏற்றார். ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளியிட்டார். ‘இது ஏதோ பெரிய எழுத்தாளர் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும்’ என்று லண்டன் முழுதும் பேச்சு. நூல் நன்றாக விற்றது. எழுதியவர் சாமுவேல் பட்லர் என்ற, யாருக்கும் தெரியாத ஒருவர் என்ற செய்தி வெளிவந்ததும் விற்பனை மளமளவென்று சரிந்தது. பெயர் இல்லாதபோது இருந்த மதிப்பு, பெயர் வந்தவுடன் போய்விட்டது! நூலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

வீட்டில் விளைவு இன்னும் கசப்பானது. தேவாலயத்தைக் கேலி செய்த மகனைத் தந்தை வீட்டுக்கு வர வேண்டாம் என்றார். மறு ஆண்டு, 1873இல், தாயார் நோயுற்று இறந்தார். ‘எரெவான்’ என்ற நூல்தான் அவளைக் கொன்றது என்று தந்தை மகனிடம் சொன்னார். துக்க வீட்டில் கேட்க நேர்ந்த அந்தச் சொல்லை எந்த மகனாலும் எளிதில் மறக்க முடியாது.

அதே ஆண்டில் பட்லர் ‘நல்ல துறைமுகம்’ என்ற பொருள்தரும் தலைப்பில் இன்னொரு நூல் வெளியிட்டார். சமய நம்பிக்கையை ஆதரிப்பது போல் நடித்து, உள்ளுக்குள் அதன் ஆதாரங்களைக் கிண்டுகின்ற நூல் அது. இறந்துபோன ஒரு பக்தர் எழுதியதாகக் கற்பனைப் பெயர் ஒன்றையும் போட்டார். சில சமய ஏடுகள் அதை உண்மையான பக்தி நூல் என்று நம்பிப் பாராட்டி எழுதிவிட்டன. அடுத்த பதிப்பில் பட்லர் தம் பெயரையும், அந்தப் பாராட்டுகளையும் முன்னுரையில் சேர்த்தார். ஏமாந்தவர்கள் அவரை மன்னிக்கவே இல்லை. வேடிக்கையாக இருந்தாலும், இந்தக் குறும்பு அவருக்கு நன்மை செய்யவில்லை. அதற்குப் பிறகு அவர் மெய்யாகவே ஒன்றைச் சொன்னபோதும், இதுவும் கேலியோ என்று பலர் ஐயுற்றனர்.

அருங்காட்சியகத்தில் ஒரு தடித்த புத்தகம்

பட்லரின் அன்றாட வாழ்க்கை கடிகார முள்போல் ஒழுங்கானது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வாசிப்புக் கூடத்துக்குச் சென்று எழுதுவார். சாய்வுமேசை இருந்தால்தான் அவருக்கு எழுத வரும். அதற்குச் சரியான கனமுள்ள ஒரு புத்தகத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். புகழ்பெற்ற கிறிஸ்துவப் பெரியோர்களின் வரலாறு அது. பல ஆண்டுகள் அதை எடுத்துவந்து, அதன்மேல் தாளை வைத்து எழுதினார். உள்ளே என்ன இருக்கிறது என்று படித்தாரா என்பது வேறு கதை. ஒருநாள் அந்தப் புத்தகம் அலமாரியில் இல்லை. பட்லருக்குக் கை ஓடவில்லை. அந்த இழப்பைப் பற்றி, நெருங்கிய நண்பரைப் பறிகொடுத்தவர் போல், 1888இல் நகைச்சுவைக் கட்டுரை ஒன்றை எழுதினார்.

அவர் எப்போதும் சட்டைப்பையில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பார். தெருவில் கேட்ட பேச்சு, திடீரென்று தோன்றிய எண்ணம், எல்லாவற்றையும் அதில் எழுதுவார். பின்னர் அவற்றைத் திருத்தி, படியெடுத்து, அகரவரிசைப்படி பொருளடக்கமும் போட்டு வைப்பார். கனடாவில் ஒரு தொழிலில் முதலீடு செய்து பெரும்பணத்தை இழந்த அனுபவத்தையும் அவர் வீணாக்கவில்லை. ஹேண்டலின் இசைநடையில், ஒரு நண்பரோடு சேர்ந்து, பங்குச் சந்தையில் பணத்தை இழந்த ஆட்டிடையர்களைப் பற்றி நகைச்சுவை இசைநாடகம் ஒன்றை இயற்றினார்!

எதையும் ஐயுறும் அவர், ஐயுறாமல் விட்ட ஒரு மனிதர் உண்டு. நியூசிலாந்திலிருந்து உடன் அழைத்துவந்த பாலி என்ற நண்பர் அவர். உடல்நலம் குன்றியவர், வருமானம் இல்லாதவர் என்று எண்ணி பட்லர் அவருக்குப் பல ஆண்டுகள் பணம் கொடுத்துவந்தார். தாமே கடனில் தவித்த காலத்திலும் நிறுத்தவில்லை. பாலி வாரத்தில் சில நாள் மதிய உணவுக்கு வருவார்; தாம் எங்கே குடியிருக்கிறார் என்பதைக்கூடச் சொன்னதில்லை. 1897இல் பாலி இறந்த செய்தியை பட்லர் நாளேட்டில்தான் பார்த்தார். இறுதிச் சடங்குக்குப் போன பிறகே உண்மை தெரிந்தது. பாலி வழக்கறிஞராக நன்றாகச் சம்பாதித்திருந்தார். வேறு சிலரிடமும் இதேபோல் உதவி பெற்றிருந்தார். கணிசமான சொத்தும் விட்டுச் சென்றார். அதில் பட்லருக்கு ஒரு காசும் இல்லை. ஊர் உலகத்தின் நம்பிக்கைகளை எல்லாம் உரசிப் பார்த்த அந்தக் கூரிய அறிவு, எதிரே அமர்ந்து சாப்பிட்டவரை ஒருமுறைகூட உரசிப் பார்க்கவில்லை.

டார்வினோடு நேர்ந்த மனக்கசப்பும் வருத்தத்துக்குரியது. 1879இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் கட்டுரையின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு டார்வின் முன்னுரை எழுதினார். பட்லரின் நூல் வெளிவந்த பின்னர், அதைத் தாக்கும் வகையில் அந்தக் கட்டுரை திருத்தப்பட்டிருந்தது. ஆனால் திருத்தப்பட்டது என்ற குறிப்பு மொழிபெயர்ப்பில் இல்லை. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று பட்லர் கொதித்தெழுந்து பத்திரிகைக்கு எழுதினார். டார்வின் பதில் எழுத முயன்று, மற்றவர்களின் அறிவுரையால் பேசாமல் இருந்துவிட்டார். அச்சுப்படியில் இருந்த குறிப்பு தற்செயலாக விடுபட்டது என்பது பின்னர்தான் தெளிவாகத் தெரிந்தது. இரு தரப்புக் கடிதங்களையும் ஒன்றுசேர்த்து 1911இல் ஒரு சிறுநூல் வந்தபோது இருவருமே உயிருடன் இல்லை. நேரில் பத்து நிமிடம் பேசியிருந்தால் தீர்ந்திருக்கும் பகை அது. அன்றியும், முன்னோரின் நினைவே மரபுவழியாகப் பிள்ளைகளுக்கு வருகிறது என்ற பட்லரின் கொள்கையை அறிவியல் ஏற்றுக்கொள்ளவில்லை. பிறரை மறுக்கும் துணிவு இருந்துவிட்டால் மட்டும் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது அல்லவா?

முதிய வயதில் அவர் இன்னொரு குண்டைப் போட்டார். கிரேக்க மொழியின் பெருங்காப்பியமான ‘ஒடிசி’யை இயற்றியவர் ஹோமர் அல்லர், சிசிலித் தீவின் டிராப்பானி என்ற ஊரில் வாழ்ந்த ஓர் இளம்பெண் என்றார்! 1897இல் அதற்காகத் தனி நூலே எழுதினார். அவர் காட்டிய சான்றுகள் சுவையானவை. காப்பியத்தை எழுதியவருக்கு வீட்டு நிர்வாகம் அத்துப்படி. கப்பலைப் பற்றியோ ஒன்றும் தெரியவில்லை. கப்பலுக்கு இரு முனையிலும் சுக்கான் உண்டு என்று எண்ணிக்கொண்டு எழுதியது போல் தோன்றுகிறது. பருந்து பறந்துகொண்டே இரையைக் கிழித்துத் தின்னும் என்கிறார். எந்த மாலுமி இப்படி எழுதுவான் என்று பட்லர் கேட்டார். கல்விமான்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரும் விடவில்லை. எளிய ஆங்கில உரைநடையில் ‘இலியட்’, ‘ஒடிசி’ இரண்டையும் மொழிபெயர்த்தார். அவருடைய கொள்கையை ஏற்காதவர்களும் அந்த மொழிபெயர்ப்புகளை இன்றுவரை படிக்கிறார்கள்.

மேசை இழுப்பறையில் இருந்த நாவல்

தந்தையின் சிவந்த கையைச் சொல்லும் நாவலைப் பற்றி முன்பே குறிப்பிட்டோம். பட்லர் அதை 1873இல் எழுதத் தொடங்கினார். ஓவியப் பள்ளியில் அறிமுகமான எலிசா சாவேஜ் என்ற தோழி, ஒவ்வொரு பகுதியையும் படித்துக் குறை நிறைகளைக் கடிதத்தில் எழுதினார். பட்லரைவிட நகைச்சுவை மிக்கவை அவருடைய கடிதங்கள் என்று சொல்பவர்களும் உண்டு. 1885இல் அவர் இறந்தார். அதன்பின் பட்லர் அந்த நாவலைத் தொடவே இல்லை. குடும்பத்தார் மனம் புண்படும் என்று அச்சுக்கும் கொடுக்கவில்லை.

1886இல் தந்தையார் இறந்ததும் பட்லரின் பணக்கவலை தீர்ந்தது. ஆனால் வாசகர் கூட்டம் பெருகவில்லை. 1899இல் தம் நூல்களின் விற்பனையைக் கணக்கிட்டு, குறிப்பேட்டில் பட்டியல் போட்டார். 27 ஆண்டுகளில் ‘எரெவான்’ 3,843 படிகள் விற்றிருந்தது. மற்ற நூல்களில் பெரும்பாலும் கைப்பணம் கரைந்திருந்தது. 1901இல் ‘மீண்டும் எரெவான்’ வெளிவந்தபோதுதான், அச்சுச் செலவை ஏற்க ஒரு பதிப்பாளர் முன்வந்தார். அந்தப் பதிப்பாளரை அறிமுகப்படுத்தியவர் நாடக ஆசிரியர் பெர்னாட் ஷா.

1902 ஜூன் 18ஆம் நாள் லண்டனில் பட்லர் காலமானார். கடைசியாக அவர் பேசியது, காசோலைப் புத்தகத்தைக் கொண்டுவந்தாயா என்று பணியாள் ஆல்ஃபிரெட்டிடம் கேட்ட கேள்வி. அவர் விருப்பப்படி உடல் தகனம் செய்யப்பட்டது. சாம்பல் இருக்குமிடத்தில் கல்லறையோ பெயர்ப்பலகையோ வைக்கப்படவில்லை.

மறு ஆண்டே அந்த நாவலை அவருடைய நண்பர் வெளியிட்டார். முதலில் அதிகம் பேர் கவனிக்கவில்லை. பிறகு பெர்னாட் ஷா தம் நாடக நூலின் முன்னுரை ஒன்றில், இப்படிப்பட்ட எழுத்தாளரை உயிரோடு இருந்தபோது கண்டுகொள்ளவில்லையே என்று இங்கிலாந்து மக்களைச் சாடினார். அதன்பின் நிலைமை மாறியது. வீட்டில் அடி வாங்கி வளர்ந்த ஒரு தலைமுறை, அந்த நாவலில் தன் குழந்தைப் பருவத்தைக் கண்டது. பிள்ளைகள் பெற்றோரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கொதித்தவர்களும் இருந்தனர். அந்த வாக்குவாதம் நெடுங்காலம் ஓயவில்லை.

மலையடிவாரக் குடிலில் பிறந்த அந்த இயந்திரக் கேள்விக்கும் ஆயுள் நீண்டது. 1951இல், கணினி அறிவியலின் முன்னோடிகளுள் ஒருவரான ஆலன் டூரிங், சிந்திக்கும் இயந்திரங்களைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். ஒரு கட்டத்தில் இயந்திரங்களே ஆட்சியைக் கையில் எடுத்துக்கொள்ளக்கூடும் என்று சொல்லும் இடத்தில் அவர் குறிப்பிட்ட நூல் ‘எரெவான்’. பட்லரின் கட்டுரையை முதலில் அச்சிட்ட ‘தி பிரஸ்’ நாளேடு இன்றும் கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து வெளிவந்துகொண்டிருக்கிறது.